சீன எழுத்துகளை எழுதும்போது கோடுகளின் வரிசை அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். "கடைசியில் வடிவம் ஒன்றாகத்தானே வருகிறது, எந்தக் கோட்டை முதலில் போட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். சீனாவின் செங்து நகருக்குப் படிக்கப் போன புதிதில் நானும் அப்படி நினைத்துத்தான் ஏழெட்டு மாதம் எழுத்துகளைப் படம் போல வரைந்துகொண்டிருந்தேன். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்தது.

ஒரு நாள் நான் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் கையால் எழுதிய தாள் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். நான்கே எழுத்து. ஒன்றுகூடப் பிடிபடவில்லை. மேல்வீட்டு அம்மா படித்துக் காட்டினார்: "மிங்தியென் திங் ஷுவெய்." நாளைக்குத் தண்ணீர் வராது. நான்குமே நான் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்த எழுத்துகள். அச்சில் இருந்திருந்தால் நொடியில் படித்திருப்பேன்.

வேகமாக எழுதுகிறவர்கள் பேனாவை முழுதாகத் தூக்க மாட்டார்கள். ஒரு கோடு முடிந்த இடத்திலிருந்து அடுத்த கோடு தொடங்கும் இடத்துக்கு அப்படியே இழுத்துவிடுவார்கள். இந்த ஓட்டக் கையெழுத்துக்கு சிங்ஷு என்று பெயர். எதற்குப் பின் எது வரும் என்று நம் கைக்குத் தெரிந்திருந்தால்தான், எது கோடு, எது வெறும் இழுப்பு என்று கண்ணுக்குப் பிரிந்து தெரியும். நான் தவறான வரிசையில் பழகியிருந்ததால் எனக்கு அது வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது.

அப்புறம் முதலிலிருந்து தொடங்கினேன். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், கிடைக்கோட்டுக்குப் பின் நெடுங்கோடு, இடப்பக்கம் சாயும் கோட்டுக்குப் பின் வலப்பக்கம் சாய்வது. பெரும்பாலான எழுத்துகளுக்கு இதுவே போதும். 'தண்ணீர்' என்று பொருள் தரும் எழுத்து போன்றவற்றில் நடுவில் உள்ள கொக்கிக்கோடு முதலில், இரண்டு பக்கமும் பிறகு. 'நாடு' என்ற எழுத்தில் கட்டத்தின் மூன்று பக்கத்தைப் போட்டு, உள்ளே உள்ளதை எழுதி, அடிக்கோட்டைக் கடைசியில் போட வேண்டும். ஆள் உள்ளே போன பிறகு கதவைச் சாத்து என்று அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். விதிக்குள் அடங்காதவையும் உண்டு: 'ஒன்பது', 'வலிமை' இரண்டும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்று போல இருக்கும், இரண்டிலும் இரண்டே கோடுகள். ஒன்பதில் சாய்கோடு முதலில், வலிமையில் கொக்கிக்கோடு முதலில். இதையெல்லாம் கை பழகித்தான் ஆக வேண்டும்.

தமிழ் எழுதிப் பழகிய கைக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நாம் பேனாவை எடுக்காமல் வளைத்து எழுதுகிறவர்கள். 'வாய்' என்ற சதுர எழுத்தைப் பார்த்ததும் ஒரே சுற்றாகப் போடத் தோன்றும். அது மூன்று கோடு: இடப்பக்கம் ஒன்று, மேற்பக்கமும் வலப்பக்கமும் சேர மடங்கி ஒன்று, அடியில் ஒன்று. இந்தச் சதுரம் நூற்றுக்கணக்கான எழுத்துகளுக்குள் வருகிறது. முதல் வாரம் இதை மட்டும் திருத்தினாலே கையெழுத்து மாறிவிடும். உச்சரிப்பு தெரியாத எழுத்தை அகராதியில் தேடும்போதும் கோடுகளை எண்ண வேண்டியிருக்கும். சதுரத்தை ஒன்று என்று எண்ணினால் எழுத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது.

நடுவில் கூட்டல் குறி போட்ட கட்ட நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன் விரலால் காற்றில் எழுதியபடி ஹெங் (கிடைக்கோடு), ஷூ (நெடுங்கோடு), பியே (இடப்பக்கம் சாய்வது), நா (வலப்பக்கம் சாய்வது) என்று கோட்டின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கே முதல் வகுப்பில் பிள்ளைகள் இப்படித்தான் பழகுகிறார்கள். எனக்கு இதைவிட உதவியது பூங்காதான். பெரியவர்கள் நீளக் கம்பில் கட்டிய தூரிகையைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் எழுதுவார்கள். வெயில் நாளில் வரி முடிவதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிடும். பின்னால் நின்று அவர்கள் கை போகும் வழியை உள்ளங்கையில் விரலால் எழுதிக்கொண்டே இருப்பேன். மூன்று மாதத்தில் பழைய பழக்கம் விட்டது.

காணொளி பார்த்துப் பழகுவதானால் அது எந்த நாட்டு முறை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'அரசன்' என்ற எழுத்தில் சீனாவில் இரண்டு கிடைக்கோட்டுக்குப் பின்தான் நெடுங்கோடு. ஜப்பானில் ஒரு கிடைக்கோடு போட்டதும் நெடுங்கோடு வந்துவிடும். தைவானுக்குத் தனி முறை. சீனாவின் இப்போதைய அரசு விதி 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது, பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் உள்ள 8105 எழுத்துகளுக்கும் வரிசை அதில் இருக்கிறது. நீங்கள் சீன மொழித் திறனைச் சோதிக்கும் எச்எஸ்கே தேர்வுக்குப் படிப்பதானால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.