பழைய சுசூக்கி ஜீப்புக்கு இன்ஜெக்ஷன்: காபரேட்டரைக் கழற்றுமுன் பெற்றோல் தாங்கியைப் பாருங்கள்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவின் சுசூக்கி எஸ்ஜே 413, பெற்றோல் வண்டி, காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது காபரேட்டர். பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டைக்கு விதைநெல், உரம், ஆட்கள் எல்லாம் அதில்தான் போகிறதாம். குளக்கட்டில் ஏறும்போது எஞ்சின் திக்கித் திக்கி நின்றுவிடுகிறது, ஒரு பக்கம் சாய்ந்து ஓடினாலும் அப்படித்தான், பெற்றோல் மணம் வேறு. வெயிலில் நிறுத்தி வைத்தால் திரும்ப ஸ்டார்ட் எடுக்கப் பாடாய்ப் படுத்துகிறது. கராஜில் "இன்ஜெக்ஷன் போட்டால் எல்லாம் சரி" என்கிறார்கள், அதாவது காபரேட்டருக்குப் பதில் கணினி சொல்லும் அளவில் பெற்றோலைத் தெளிக்கும் அமைப்பு. மாற்றலாமா, மாற்றினால் எதைப் போடுவது என்பது கேள்வி.

மாற்றலாம் தம்பி. 1990களில் அமெரிக்காவில் விற்ற சமுராய் ஜீப்பில், இதே 1.3 லீட்டர் குடும்ப எஞ்சினுக்கு சுசூக்கியே த்ரொட்டில் பாடி இன்ஜெக்ஷன் (காற்று நுழையும் வாயிலேயே பெற்றோலைத் தெளிக்கும் வகை) போட்டுத்தான் விற்றது, அதனால் இந்த எஞ்சினுக்கு ஒத்துவராத வேலை ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் வண்டியில் குறை காபரேட்டரில்தான் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். அதைப் பார்க்காமல் கையில் உள்ள காசை எல்லாம் கொட்டி மாற்றி, பிறகும் அதே குளக்கட்டில் வண்டி நின்றால் யாரைக் குறை சொல்வது?

சாய்வில் ஏன் நிற்கிறது என்றால், காபரேட்டரின் உள்ளே ஒரு சின்னக் கிண்ணம், அதில் பெற்றோல் மட்டத்தை ஒரு மிதவை பார்த்துக்கொள்கிறது. நிரம்பிய கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு மேடு ஏறினால் எப்படியோ அப்படித்தான், வண்டி சாய்ந்தால் மட்டம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். ஏறிய பக்கம் ஜெட் (பெற்றோல் வெளியேறும் சின்னத் துளை) இருந்தால் எஞ்சின் பெற்றோலில் மூழ்கும், இறங்கிய பக்கம் இருந்தால் பட்டினி கிடக்கும். இது காபரேட்டரின் பிறவிக் குணம், ஆனால் கிண்ணத்துக்குள் பெற்றோல் வரும் வழியை மூடும் நீடில் வால்வு தேய்ந்தோ மிதவை மட்டம் கூடியோ இருந்தால் சின்னச் சாய்வுக்கே இந்தக் கூத்து நடக்கும். அடுத்த முறை நின்றவுடன் ஹான்ட் பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வைத்து, எயார் பில்டர் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். தொண்டை நனைந்து பெற்றோல் வடிந்தால் மூழ்கல். அக்சிலேட்டர் கம்பியை இழுக்கும்போது பெற்றோல் பீச்சவே இல்லை என்றால் பட்டினி. நீங்கள் சொல்லும் மணத்தைப் பார்த்தால் மூழ்கல் என்றுதான் படுகிறது. அப்படியென்றால் ஒரு ரிப்பேர் கிட், மிதவை மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி வைப்பது, மிஞ்சிய பெற்றோல் தாங்கிக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் அடைப்பு எடுப்பது, இந்த மூன்றும் சேர்ந்தாலே பாதி நோய் போய்விடும்.

வெயிலில் ஸ்டார்ட் எடுக்காததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சூட்டில் கிண்ணத்துப் பெற்றோல் கொதித்து எஞ்சினுக்குள் வடிவது ஒன்று. இன்னொன்று இக்னிஷன் கொயிலோ மொடியூலோ சூடேறிச் செத்துப்போய், ஆறியதும் உயிர் வருவது. எடுக்காத அந்த நேரத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றி, கசிந்த பெற்றோலுக்குத் தள்ளி வைத்து, தீப்பொறி வருகிறதா பாருங்கள். பொறி இல்லை என்றால் உலகத்திலுள்ள எந்த இன்ஜெக்ஷனும் அந்த வண்டியை ஓட்டாது.

இதெல்லாம் பார்த்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், வேலை தொடங்க வேண்டிய இடம் பெற்றோல் தாங்கி. எல்லாரும் த்ரொட்டில் பாடி, ஈசியூ (இன்ஜெக்ஷனை நடத்தும் கணினிப் பெட்டி) என்று பேசுவார்கள், இன்ஜெக்ஷன் போட்ட பழைய ஜீப்புகள் காட்டில் நிற்பது பெரும்பாலும் பெற்றோல் வரும் வழியில்தான். உங்கள் ஜீப்பில் இப்போது எஞ்சினோடு ஓடும் பம்ப் 3 முதல் 5 பிஎஸ்ஐ அழுத்தம்தான் கொடுக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் உள்ள அமைப்புக்கு 40 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டும். ஒரே இடத்தில் தெளிக்கும் த்ரொட்டில் பாடி வகைக்கு அதைவிடக் குறைவு போதும், எவ்வளவு என்பதை அந்தந்த எஞ்சினின் கையேட்டில் பார்த்து அப்படியே வையுங்கள். இந்த அழுத்தத்துக்கு மின்சாரப் பம்ப் தேவை, பழைய றப்பர் ஹோஸ் தாங்காது. இன்ஜெக்ஷனுக்கென்று ஆர்9 அடையாளம் போட்டு வரும் ஹோஸும் அதற்குரிய கிளிப்பும்தான் போட வேண்டும். இதில் நான் கறாராகத்தான் சொல்வேன்: சூடான சைலன்சர் பக்கத்தில் 40 பிஎஸ்ஐ பெற்றோல் பீச்சினால் வண்டியும் போகும், ஆளும் போகும்.

அடுத்தது இன்னும் முக்கியம். காபரேட்டர் வண்டியின் தாங்கிக்குள் பெற்றோலை ஒரு இடத்தில் பிடித்து வைக்கும் தடுப்புகள் போதாது. தாங்கி கால்வாசியாய் இருக்கும்போது குளக்கட்டில் ஏறினால் பெற்றோல் ஒரு பக்கம் ஓடி, உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கும். காபரேட்டருக்குக் கிண்ணத்தில் கொஞ்சம் கையிருப்பு இருப்பதால் சமாளித்துவிடும். இன்ஜெக்ஷனுக்கு அந்தக் கையிருப்பு கிடையாது, உடனே வெட்டும், அதோடு பெற்றோலாலேயே குளிர்கிற பம்பும் வறண்டு தேயும். இதற்கு ஒரு சின்ன இடைத்தாங்கி வைப்பார்கள், ஒன்று இரண்டு லீட்டர் போதும். பெரிய தாங்கியிலிருந்து குறைந்த அழுத்தப் பம்ப் இதை நிரப்பிக்கொண்டே இருக்கும். இதன் அடியிலிருந்து ஹை பிரஷர் பம்ப் எடுக்கும், எஞ்சினில் மிஞ்சியது திரும்ப இதற்குள்ளேயே வரும், இது நிரம்பி வழிவது பெரிய தாங்கிக்குப் போகும். நல்ல விஷயம் என்னவென்றால் உங்கள் பழைய பம்பே அந்த நிரப்புகிற வேலைக்குப் போதும். இடைத்தாங்கியை மட்டும் வண்டிக்குள் ஆட்கள் இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

தாங்கியைக் கழற்றியதும் உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் கழுவுவதா மாற்றுவதா என்று அங்கேயே முடிவெடுங்கள், காபரேட்டர் விழுங்கிவிடும் தூசு இன்ஜெக்டரை அடைத்துவிடும். கானில் பெற்றோல் கொண்டுபோய் வட்டையில் ஊற்றும் பழக்கம் இருந்தால் பம்புக்கு முன் ஒரு பில்டர், பின் ஒரு பில்டர், புனலில் ஒரு வலை.

சரி, எதைப் போடுவது? இணையத்தில் எல்லாரும் புகழும் ஹோலி ஸ்னைப்பர் நாலு வாய் கிட் பெரிய வி-8 எஞ்சின்களை மனதில் வைத்துச் செய்தது, 1324 சிசிக்கு அந்த இன்ஜெக்டர்கள் ஐடிலில் (அக்சிலேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) தேவைக்கு மேல் ஊற்றும். வெறும் ஈசியூ வாங்கி லப்டொப் வைத்து நாமே டியூன் செய்வது தெரிந்தவர் கைக்கு அருமையான வழி, ஆனால் விதைப்பு நேரத்தில் வெல்லாவெளியில் வண்டி நின்றால் அங்கே யார் வந்து திறந்து பார்ப்பது? உங்களுக்கு நான் சொல்வது, கம்பனியே இன்ஜெக்ஷன் போட்ட சுசூக்கி எட்டு வால்வு எஞ்சினின் செட் ஒன்றைப் பழைய பாகக் கடையில் தேடுங்கள். இன்டேக் மனிபோல்ட், த்ரொட்டில் பாடி, ஈசியூ, டிஸ்ட்ரிபியூட்டர், சென்சர்கள், வயரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து, வயர் வெட்டாமல் வர வேண்டும். வாங்குமுன் மனிபோல்ட் கேஸ்கட்டை உங்கள் சிலிண்டர் ஹெட்டில் வைத்து ஓட்டைகள் பொருந்துகிறதா பாருங்கள். முழு எஞ்சினையே மாற்றினால் எஞ்சின் எண் மாறும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்ற வேண்டும், அதை வேலை தொடங்குமுன்பே விசாரியுங்கள்.

மின்சாரம். கடற்கரைக் காற்றில் நிற்கும் வண்டிகளில் ஏர்த் இணைப்புகள் பச்சை பூத்திருக்கும். பற்றரியிலிருந்து எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் வண்டிக் கூட்டுக்கும் புதிய ஏர்த் கம்பி போடாமல் ஈசியூவை இணைக்க வேண்டாம். ஈசியூ டாஷ்போர்டுக்குள், மாரி வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி ரிலே இணைப்பு இருக்க வேண்டும், நேராகச் சாவியில் கொடுத்துவிடும் மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். சைலன்சரில் ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் ஈசியூ காற்றுக் கூடிவிட்டது என்று நினைத்து பெற்றோலை அள்ளி ஊற்றும், எமிஷன் சோதனையிலும் அது காட்டிக்கொடுக்கும்.

இன்ஜெக்ஷன் தண்ணீருக்குள் ஓட உரிமை தராது. எயார் பில்டருக்குள் தண்ணீர் போனால் எந்த எஞ்சினும் உடையும், டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் எந்த எஞ்சினும் நிற்கும். உயரத்துக்கு ஏற்ப தானாகச் சரிசெய்யும் என்ற பெருமையும் நுவரெலியா போகிறவருக்குத்தான், கடல் மட்டத்தில் ஓடும் நமக்கு அதில் பெரிய லாபம் இல்லை. நமக்கு லாபம் சாய்வும் வெயிலும்தான்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றாதீர்கள். முதலில் தாங்கி, ரிட்டர்ன் லைன், ஏர்த், சைலன்சரில் ஒட்சிசன் சென்சர் மாட்டும் பிடி (இப்போதைக்கு ஆணி போட்டு மூடி வையுங்கள்) இவற்றை முடித்து, காபரேட்டரோடேயே கொஞ்சக் காலம் ஓட்டுங்கள். அந்தக் கட்டத்தில் ஹை பிரஷர் பம்பை இணைக்கக் கூடாது, நீடில் வால்வு தாங்காமல் பெற்றோல் பொங்கும். இவ்வளவிலேயே வண்டி குளக்கட்டு ஏறிவிட்டால் மிச்சக் காசு உங்களுக்கு. ஏறவில்லை என்றால் அறுவடை முடிந்து வண்டிக்கு வேலை குறைகிற நாளில் த்ரொட்டில் பாடியை மாற்றுங்கள். முதல் தடவை சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட் எடுக்க வேண்டாம். பம்ப் சில விநாடி ஓடி நிற்க வேண்டும். நின்றதும் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த கடதாசியால் ஒற்றிப் பாருங்கள், பக்கத்தில் பவுடர் வகைத் தீயணைப்பான் இருக்கட்டும். கழற்றிய காபரேட்டரையும் அதன் மனிபோல்டையும் விற்றுவிடாதீர்கள், ஈசியூ எப்போதாவது போனால் அடுத்தது கிடைக்கும்வரை வண்டி ஓட அவை வேண்டும்.