கேளுங்க, சொல்றேன்!

கேள்வி: ஆபீஸ் கூத்தைக் கிண்டலடிக்கும் டில்பர்ட் கேலிச்சித்திரத் தொகுப்பு பாதியிலேயே சலித்துவிட்டது. திரில்லர் நாவலோ கீழே வைக்க விடவில்லை. என் ரசனையில் கோளாறா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: டில்பர்ட் 1989 முதல் நாளிதழில் தினம் ஒரு துண்டாக வந்தது, தாயே! ஊட்டி வர்க்கியை மூட்டையோடு தின்றால் திகட்டாதா? நான் காலை டீயோடு இரண்டு பக்கம்தான். அப்புறம் எங்கள் மேனேஜரைப் பார்த்தால் சிரிப்பை அடக்குவதே வேலை.

திரில்லர் வேறு ரகம். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியதும் ஒன்றை ஆரம்பித்தேன். ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், 16 குகை. கத்தியை ஓங்கும் நேரம் பார்த்து இருட்டு! அந்தப் பயம் வீட்டு நாற்காலியில் வராது. கேத்தி ஸ்டேஷன் வருவதற்குள் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் ஏற்கெனவே படித்தவராம்.