லூயி வெயின் பூனைகளைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்

சகோதரி, தம்பி திடீரென்று கண்கூசும் வண்ணத்தில் உருக்குலைந்த பூனைகளாக வரைகிறான், பூனைப் படங்களுக்குப் பேர்போன ஆங்கில ஓவியர் லூயி வெயினின் மனநோய் முற்றியதைக் காட்டுவதாகச் சொல்லப்படும் எட்டுப் படங்களைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை என்கிறீர்கள். அந்த வரிசையை நம்பவே நம்பாதீர்கள். அப்படங்களில் தேதியே கிடையாது. லண்டன் கடையொன்றில் கிடைத்தவற்றை, மனநோய் முற்றுவதாகக் காட்டி அடுக்கியவர் வால்டர் மெக்லே என்ற மனநல மருத்துவர். 1924இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகும் வெயின் உருண்டைக் கண்ணும் மீசையுமாக வழக்கமான பூனைகளையும் வரைந்துகொண்டுதான் இருந்தார். அந்தப் படங்களில் தெரியும் பூவேலைப்பாடு? அவர் அம்மா துணிகளுக்கும் கம்பளங்களுக்கும் வடிவம் வரைந்தவர்!

தாளை விடுங்கள், தம்பியைப் பாருங்கள். தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, நண்பர்களோடு பேசுகிறானா? அதில் மாற்றம் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வால் ஏன் தீ மாதிரி எரிகிறது என்று அவனிடமே கேளுங்கள்.