கலைப்பீட இடத்தை உதறிவிட்டுக் காணி உறுதியை அடகு வைக்க வேண்டாம்

மானிப்பாயிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் மகளின் மேற்படிப்புப் பற்றி ஆலோசனை கேட்டு அவளோடு என்னிடம் வந்திருந்தார்கள். பிள்ளை உயர்தரத்தில் தமிழ், நாடகமும் அரங்கியலும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எடுத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். சந்தோசப்பட வேண்டிய வீட்டில் செத்தவீட்டு அமைதி. ரொறன்ரோ மாமா போனில் "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப் போறாள்? கொழும்பில சொப்ட்வெயார் படிக்க விடுங்கோ" என்று சொல்லிவிட்டாராம். தனியார் நிறுவனம், வெளிநாட்டுப் பட்டம், கட்டணம் மட்டும் 20 லட்சத்துக்கு மேல். பாதியை மாமா தருவார், மீதிக்குக் காணி உறுதி வங்கிக்குப் போகும்.

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் எனக்கு இது நல்லபடியாக நடக்கும் என்று தோன்றவில்லை. கணிதம் கண்ணிலும் காட்டக்கூடாது என்று அந்தப் பிள்ளையே சொல்கிறாள். விருப்பமில்லாத பாடத்தில் இரண்டாம் வருடம் இடறி விழுந்தால் கையில் பட்டமும் இராது, காணியும் இராது, வட்டி மட்டும் இருக்கும். மாமாவின் பாதி இப்போதைக்கு வாய்ச்சொல்தான். அவருக்கு அங்கே வேலை போனால் இரண்டாவது தவணைக்கு யாரிடம் போவீர்கள்? கட்டணத்துக்கு மேலே கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து என்று இருக்கிறது. அதை யாரும் கூட்டிப் பார்த்திருக்கவில்லை. ஒரு தாளில் கூட்டிக் காட்டினேன். தகப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆசிரியர் வேலை, அரச நியமனம், வங்கிப் பரீட்சை பற்றியெல்லாம் நான் கதைக்கப்போவதில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிள்ளையிடம், "ஓய்வாக இருக்கும்போது என்ன செய்வாய்?" என்று கேட்டேன். பாடசாலை நிகழ்ச்சிகளுக்கு அறிவிப்புச் செய்வாளாம். அம்மம்மாவின் போனில் கூகிளிடம் கேள்வி கேட்டுக் கொடுப்பதும் இவள்தானாம். அம்மம்மா கேட்டால் கூகிளுக்கு விளங்காது, இவள் அதையே "ரீவி நியூஸ் மாதிரி" மாற்றிக் கேட்டால் விளங்கிவிடும். அவள் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த விஷயத்தில் ஒரு தொழில் இருக்கிறது: குரலில் கேட்டால் பதில் சொல்லும் கருவிகளுக்கு உரையாடல் எழுதிக் கொடுப்பது.

2011இல் அப்பிளின் சிரி, 2014இல் அமேசனின் அலெக்சா, 2016இல் கூகிள் அசிஸ்டன்ட் என்று குரலால் இயங்கும் உதவியாளர்கள் வந்தன. விளம்பரக்காரருக்கு இதில் ஏன் இவ்வளவு ஆர்வம்? எழுதித் தேடினால் பத்து இணைப்பு வரும், ஆள் பார்த்துத் தெரிவு செய்வார். குரலில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். அந்த ஒரு பதிலில் உங்கள் கடையின் பெயர் இல்லையென்றால் நீங்கள் சந்தையிலேயே இல்லை. அதற்காகக் குறுக்குவழியில் போனவர்களும் உண்டு. 2017இல் பர்கர் கிங் தன் தொலைக்காட்சி விளம்பரத்தில் வேண்டுமென்றே "ஓகே கூகிள், வொப்பர் பர்கர் என்றால் என்ன?" என்று கேட்க வைத்தது. "ஓகே கூகிள்" என்பதுதான் கருவியை எழுப்பும் சொல், அதனால் வீடுகளில் இருந்த கூகிள் கருவிகள் தானாக விழித்து விக்கிப்பீடியாவை வாசிக்கத் தொடங்கின. குறும்பர்கள் விக்கிப்பீடியாவையே மாற்றி எழுத, அந்த விளம்பரத்தின் குரலுக்குக் கருவிகள் விழிக்காதபடி கூகிள் தடுத்தது. அதே காலத்தில் டைட் சலவைத்தூள்காரர் துணியில் பட்ட கறையை எப்படி எடுப்பது என்று படிப்படியாகச் சொல்லும் வசதியை அலெக்சாவில் வைத்தார்கள். ஆளுக்கு உதவுகிறபோது பெயரும் மனதில் நிற்கும். என் பார்வையில் விளம்பரம் என்றால் அதுதான்.

கூகிளின் பேச்சறியும் சேவையில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் எல்லாம் தனித்தனித் தெரிவுகள். மைக்ரோசொப்டிடம் இலங்கைத் தமிழுக்கென்றே செயற்கைக் குரல்கள் இருக்கின்றன. கருவி தயாராகத்தான் இருக்கிறது. எங்கள் ஆட்கள் எப்படிக் கேட்பார்கள், அவர்களுக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதித் தரத்தான் ஆள் குறைவு. அந்த வேலைக்கு உரையாடல் வடிவமைப்பு என்று பெயர்.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடை, அங்கே போனில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு குரல் கருவி என்று வையுங்கள். "இண்டைக்குப் பவுண் என்ன விலை?", "செய்கூலி எவ்வளவு முடியும்?", "பழைய சங்கிலி மாத்தலாமோ?", "ஞாயிறு திறப்பியளோ?" என்று ஆட்கள் கேட்பதை முதலில் கடையில் நின்று கேட்டு எழுத வேண்டும். ஒரே கேள்வியை இருபது விதமாகக் கேட்பார்கள். விலை அறியவா, நகை மாற்றவா என்று கேட்பவரின் நோக்கப்படி அவற்றைப் பிரிக்க வேண்டும். பிறகு பதில்கள். கண்ணால் வாசிக்கும் வசனம் காதுக்குச் சரிவராது. நீண்டால் முதல் பாதி மறந்துவிடும், அதனால் விலை முதலில், விளக்கம் பின்னால். கருவிக்கு விளங்காவிட்டால் "மன்னிக்கவும், மீண்டும் சொல்லுங்கள்" என்று மூன்று முறை சொன்னால் ஆள் போனை வைத்துவிடுவார். இரண்டாம் முறை கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும், மூன்றாம் முறை கடைக்காரரிடம் இணைத்துவிட வேண்டும். வயதானவருக்கு எந்த வேகம், வெளிநாட்டிலிருந்து வந்த பேரப்பிள்ளைக்கு எந்தத் தமிழ் என்பதெல்லாம் இதற்குள் வரும். சோதித்துப் பார்க்கக் கணினிகூடத் தேவையில்லை. ஒருவர் பக்கத்து அறையில் இருந்து கருவியாக நடிப்பார், மற்றவர் வாடிக்கையாளராகக் கேட்பார். பெரிய நிறுவனங்களும் இப்படிச் சோதிப்பதுண்டு. நாடகமும் அரங்கியலும் படித்த பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதனால் கலைப்பீடத்துக்கே போகட்டும். கட்டணமில்லாத இடம். அங்கே மொழியியல் படிக்கலாம். ஒலி, சொல், வசனம் எப்படி இயங்குகின்றன என்ற அறிவுதான் இந்த வேலைக்கு அடித்தளம். கூடவே உரையாடல் அமைக்கும் டயலொக்ஃப்ளோ, வொய்ஸ்ஃப்ளோ போன்ற மென்பொருள்களைப் பழகட்டும், ஒலி வெட்ட ஓடாசிட்டி இலவசம். 20 லட்சத்துக்குப் பதில் ஒரு மடிக்கணினி, ஒரு நல்ல மைக், ஒழுங்கான ஆங்கில வகுப்பு. ஆங்கிலத்துக்கு மட்டும் சாட்டுச் சொல்ல விடாதீர்கள், வேலை தருபவர்கள் அதில்தான் கதைப்பார்கள்.

இது தங்கச் சுரங்கமில்லை. யாழ்ப்பாணத்தில் இந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது. முதல் வருமானம் சிறிதாக இருக்கும்: கடைகளின் கூகிள் பதிவில் தமிழ்ப் பெயர், திறக்கும் நேரம், தொலைபேசி இலக்கம் திருத்திக் கொடுப்பது, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விடுதிகளுக்குக் கேள்வி–பதில் எழுதுவது. அதற்கு அப்புறம்தான் கொழும்பு, சென்னை விளம்பர நிறுவனங்கள், வீட்டிலிருந்து செய்யும் வெளிநாட்டு வேலை. ஒரே கருவியை நம்பியும் இருக்கக்கூடாது. மற்ற நிறுவனங்கள் தன் அசிஸ்டன்டில் உரையாடல் அமைக்க விட்ட வசதியைக் கூகிள் 2023 ஜூனில் மூடிவிட்டது. அந்தக் கருவியை மட்டும் தெரிந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள், உரையாடல் எழுதத் தெரிந்தவர்கள் அடுத்த கருவிக்குப் போனார்கள்.

இரண்டு விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். குரல் பதிவு வேலை தருகிறோம், முதலில் பதிவுக் காசு கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பிள்ளையின் குரலை எதற்கு, எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள் என்று எழுத்தில் இல்லாமல் கையெழுத்து வைக்கவும் வேண்டாம். அந்தக் குரலைப் போலிசெய்து எதையும் பேச வைக்க இன்று கருவி இருக்கிறது.

மாமாவிடம் பிள்ளையே கதைக்கட்டும். வெறும் வாயால் வேண்டாம், அதற்கு முன் ஒரு கடைக்கு மாதிரி உரையாடல் ஒன்றைச் செய்து அவருக்கு அனுப்பட்டும். பல்கலைக்கழகப் பதிவுக்குக் கடைசித் திகதி இருக்கிறது, அதைத் தவறவிட்டால் அந்த இடம் போய்விடும். கொழும்புக்கு முற்பணம் கட்டுவதென்றால் அதற்கு முதல் என்னிடம் ஒருமுறை வாருங்கள். உறுதியைக் கொண்டுவரத் தேவையில்லை, செலவு கூட்டிய தாளைக் கொண்டுவாருங்கள்.