கடைசல்காரர்களின் ஊர்

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாகப் பிரான்சின் துலூசில் இருக்கிறேன். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சான் சிர்க் லாபொப்பி போய் வந்தேன். லொத் நதிக்கு மேலே செங்குத்துப் பாறையில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். வெயில் சாயச் சாயச் சுவர்களின் நிறம் மாறிக்கொண்டே போனது. எழுநூறு வருடமாக அப்படியே நிற்கிறது. நம்மவர்களுக்கு ஏன் இப்படிப் பாதுகாக்கத் தெரியவில்லை? அடுத்து ரொக்கமதூர் போகலாமா? பயணக் கட்டுரை எழுதும் ஆசை இருக்கிறது. படங்கள் இணைத்துள்ளேன்.

க.

அன்புள்ள க.,

ரொக்கமதூருக்குப் போங்கள். யாத்திரிகர்கள் முழங்காலால் ஏறிய 216 படிகள் இருக்கின்றன. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் லிஃப்டும் உண்டு. ‘நம்மவர்களுக்கு ஏன் தெரியவில்லை’ என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. வெளிநாடு போன எல்லோரும் கேட்பதுதான். கேட்டவுடனேயே கேட்டவருக்கு ஒரு திருப்தி வந்துவிடுகிறது, அதற்குமேல் பதில் எதற்கு?

ஆனால் ‘அப்படியே நிற்கிறது’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எது நிற்கிறது? பாறை உச்சியில் இருந்த கோட்டை எங்கே? பிரெஞ்சு மன்னன் பதினோராம் லூயி 1471இல் இடிக்கச் சொன்னான். மிஞ்சியதை இடிக்க 1580இல் நவார் நாட்டு அரசன் ஹென்றி உத்தரவிட்டான். நீங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டது அந்த இடிபாட்டின் மேல் நின்றுதான்.

உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஐஸ்கிரீம் விற்கிறார்களே, அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் அகலமான கல்வளைவு. குடியிருக்கிற வீட்டுக்கு எதற்கு அவ்வளவு பெரிய திறப்பு? அந்த ஊரில் இப்படிப்பட்ட வளைவுகள் கடையும் பட்டறையுமாக இருந்தவை. சான் சிர்க் மரக் கடைசலுக்குப் பேர்போன ஊர். சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் மேட்டில் புயி என்றொரு குறுமரம் வளர்கிறது. மிக மெதுவாக வளர்வதால் தந்தம்போல இறுகிய கட்டை. அதைக் கடைந்து மதுப் பீப்பாய்களுக்குக் குழாய் செய்தார்கள். துளையிட்ட தண்டு, அதன் குறுக்கே ஒரு முளை, முளையிலும் ஒரு துளை. திருகினால் துளைகள் நேராகி மது ஒழுகும். இன்னொரு கால் சுற்று திருகினால் ஒரு சொட்டு இறங்கக்கூடாது. நான் போனபோது பழைய குழாய் ஒன்றைக் கையில் வாங்கித் திருகிப் பார்த்தேன். முளை நகரும்போது ஒரு சின்ன முனகல், அவ்வளவுதான். இத்தனை துல்லியத்தை இரும்புத் திருகாணி ஒன்றுகூட இல்லாமல் மரத்தில் கொண்டுவந்தவன் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

1870களுக்குப் பிறகு ஃபிலாக்ஸெரா பூச்சி காஓர் பகுதியின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. ரயிலும் வந்தது, லொத் நதி வழியே போர்தோ துறைமுகத்துக்கு மது ஏற்றிப்போன படகுகள் நின்றன. பீப்பாயே இல்லாதபோது குழாய் யாருக்கு? பிழைப்புத் தேடி ஆட்கள் இறங்கிப் போனார்கள். பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டக் கையில் காசுள்ளவர்கள் அங்கே மிஞ்சவில்லை. ஊரைக் காப்பாற்றியது அந்த வறுமை, க. சட்டமும் விருதும் பிறகு வந்தவை. 1951இல் சர்ரியலிசக் கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் அங்கே வாங்கிய வீடு படகோட்டிகளின் பழைய சத்திரம். படகோட்டிகள் இருந்திருந்தால் அது விலைக்கு வந்திருக்குமா?

(அவர் மறுவருடமே பக்கத்துப் பெஷ் மெர்ல் குகைக்குப் போய், ஆதிமனிதர் வரைந்த ஓவியம் நிஜந்தானா என்று விரலால் தேய்த்துப் பார்த்து, வழக்கில் மாட்டி அபராதத்துக்கு ஆளானவர். அந்த அளவு சந்தேகம் உங்களுக்கு வேண்டாம். கொஞ்சமாவது வேண்டாமா?)

இன்று அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 200 பேர். வந்து போகிறவர்கள் ஆண்டுக்குச் சில லட்சம். ஆள் போன வீட்டைப் பார்த்துவிட்டு எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று வியந்திருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். சுவரின் நிறம் மாறுவதை நின்று பார்க்கிற பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, உங்களுக்கு வாய்த்திருக்கிறது. கட்டுரையை எழுதுங்கள். வெயிலுக்கு ஒரு வரி போதும். புயிக் கட்டையை எப்படி உலர்த்தினார்கள், காலால் மிதித்துச் சுற்றும் கடைசலில் அந்த முளையை எப்படிப் பொருத்தினார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். துலூசில் நூலகங்களுக்குப் பஞ்சமில்லை. முடித்ததும் அனுப்புங்கள், அடித்துத் திருத்தித் தருகிறேன்.