கழல மறுக்கும் பைக் இருக்கை: கேள்விகளும் பதில்களும்

பேட்டரி, ஃபியூஸ், டூல் கிட் ஆகியவை பெரும்பாலான பைக்குகளில் இருக்கைக்கு அடியில்தான் இருக்கின்றன. எனவே இருக்கை திறக்காவிட்டால் மற்ற எந்த வேலையையும் தொடங்க முடியாது. அந்த அவசரத்தில் இருக்கையை மேல்நோக்கிப் பிடித்து இழுத்து, சிறிய கோளாறைப் பெரிய செலவாக்கிக்கொள்கிறார்கள். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, வேலை செய்யும் வரிசையிலேயே பதில் தருகிறேன்.

கேள்வி: சாவியைத் திருப்பினால் வழக்கம்போல் திரும்புகிறது. ஆனால் இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தும் இருக்கை எழும்பவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். இருக்கையின் அடித்தட்டில் முன்புறம் ஒரு நாக்கு இருக்கும். அது டேங்கின் பின்பக்கத்தில் சேஸிஸில் உள்ள குறுக்குக் கம்பிக்கு அடியில் செருகிக்கொள்ளும். பின்புறம் தலைகீழ் வளையம் போன்ற ஒரு கம்பி கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும்; அந்தக் கம்பியைச் சேஸிஸில் உள்ள ஸ்பிரிங் கொக்கி ஒன்று கவ்விப் பிடிக்கும். சாவியைத் திருப்பும்போது ஒரு மெல்லிய கேபிள் அந்தக் கொக்கியைப் பக்கவாட்டில் இழுக்கிறது. கொக்கி விலகியதும் வளையம் விடுபடுகிறது. பெரும்பாலான மாடல்களில் அமைப்பு இவ்வளவுதான்.

இப்போது நீங்கள் இருக்கையை மேலே இழுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வளையம் கொக்கியின் அடிப்பக்கத்தை மேல்நோக்கி அழுத்தும். அந்த அழுத்தத்தில் கொக்கிக்கும் கம்பிக்கும் இடையே உராய்வு கூடி, மெல்லிய கேபிளால் கொக்கியை நகர்த்தவே முடியாமல் போகும். நீங்கள் எவ்வளவு பலமாக இழுக்கிறீர்களோ, பூட்டு அவ்வளவு இறுகும். ஆகவே செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது: இருக்கையைக் கீழே அழுத்த வேண்டும்.

எங்கே அழுத்துகிறோம் என்பது முக்கியம். நடுவில் அழுத்தினால் மெத்தை மட்டும்தான் அமுங்கும். பூட்டின் கொக்கி பெரும்பாலும் இருக்கையின் பின்பகுதியில், கிராப் ரெயிலுக்கு (பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ளும் கம்பிக்கு) சற்று முன்னால், நடுக்கோட்டில் இருக்கும். அந்த இடத்தில் ஒருவர் இரு உள்ளங்கைகளையும் வைத்து உடல் எடையைக் கொடுத்து அழுத்த, இன்னொருவர் சாவியை முழுதாகத் திருப்பி அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். சாவி திரும்பிய நிலையிலேயே இருக்க, அழுத்துபவர் கையை மெதுவாகத் தளர்த்த வேண்டும். ‘டக்’ என்ற சத்தம் கேட்டால் வளையம் வெளியே வந்துவிட்டது என்று பொருள். வரவில்லையென்றால் சாவியை விடாமல், அதே இடத்தில் உள்ளங்கையால் நான்கைந்து முறை தட்டுங்கள். புழுதியும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து கொக்கியை ஒட்டவைத்திருந்தால், அந்த அதிர்விலேயே பெரும்பாலும் விட்டுவிடும்.

கேள்வி: எனக்குச் சாவி எந்தத் தடையும் இல்லாமல் லேசாகத் திரும்புகிறது. ஸ்பிரிங் இழுப்பே தெரியவில்லை.

பதில்: நீங்கள் கவனித்துச் சொன்ன அந்த ஒரு செய்தியே கோளாறைக் காட்டிவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள பூட்டில் சாவியைத் திருப்பும்போது ஸ்பிரிங் எதிர்த்து நிற்பது விரலுக்குத் தெரியும்; விட்டால் சாவி தானாகத் திரும்பி வரும். அந்த எதிர்ப்பு இல்லையென்றால் கேபிள் அறுந்திருக்க வேண்டும், அல்லது அதன் நுனியில் உள்ள ஈயக் குமிழ் தன் குழியிலிருந்து நழுவியிருக்க வேண்டும். முதலில் கொஞ்சம் வெறுமையாகத் திரும்பி, கடைசியில் மட்டும் இழுப்பு தெரிந்தால் கேபிள் தளர்ந்திருக்கிறது.

பூட்டு இருக்கும் பக்கத்தின் சைடு கவரைக் கழற்றுங்கள். பல பைக்குகளில் அதை இருக்கையைத் திறக்காமலே கழற்ற முடியும். பூட்டின் பின்புறத்திலிருந்து கறுப்பு உறை போட்ட கேபிள் ஒன்று வாலை நோக்கிச் செல்லும். பூட்டுக்கு அருகில் உறை முடிந்து, உள் கம்பி மட்டும் ஓரிரு சென்டிமீட்டர் வெளியே தெரியும் இடத்தைத் தேடுங்கள். உறையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, உள் கம்பியைக் குறட்டால் பற்றி, பூட்டின் பக்கமாக நேராக இழுங்கள். இன்னொருவர் மேலே இருக்கையை அழுத்தட்டும். தளர்ந்த கேபிளாக இருந்தால், வெளியே தெரியும் அந்தக் கம்பியை ஸ்குரூடிரைவரால் பக்கவாட்டில் வில்போல் வளைத்தாலே கொக்கி விலகிவிடும்.

உள் கம்பி எந்தப் பிடிப்பும் இன்றி உருவிக்கொண்டு வந்தால், அது மறுமுனையில் கொக்கிக்கு அருகில் அறுந்திருக்கிறது. அப்போது கீழிருந்துதான் போக வேண்டும். என்ஜினும் சைலன்சரும் நன்றாக ஆறிய பிறகு வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் மட்கார்டின் உட்புறத்திலோ டெயில் லைட்டைக் கழற்றிய இடைவெளியிலோ டார்ச் அடித்துப் பார்த்தால் கொக்கியின் தகடு தெரியும். சில மாடல்களில் மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கையும் கழற்ற வேண்டியிருக்கும். கேபிள் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகத்தான் தகடு நகர வேண்டும். நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியை வைத்து அதே திசையில் தள்ளுங்கள். எதிர்த் திசையில் தள்ளினால் ஸ்பிரிங்தான் கழன்று விழும்.

கேள்வி: சாவி உள்ளே போகிறது, ஆனால் துளியும் திரும்பவில்லை. பலம் கொடுத்துத் திருப்பலாமா?

பதில்: கூடாது, சாவி உள்ளேயே முறிந்துவிடும். இது கொக்கியின் கோளாறு அல்ல, பூட்டின் உள்ளே உள்ள சிறு தகடுகளின் கோளாறு. தேயாத மாற்றுச் சாவி இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். அதுவும் திரும்பவில்லையென்றால் துரு நீக்கும் ஸ்பிரேயின் மெல்லிய குழாயைத் துவாரத்தில் வைத்து அடித்து, பத்து நிமிடம் விட்டு, சாவியை இருபது முப்பது முறை உள்ளும் வெளியுமாக அசையுங்கள். அழுக்கு கரைந்து சாவியோடு வெளியே வரும். ஒவ்வொரு முறையும் துணியில் துடைத்துவிட்டுச் செருகுங்கள். பூட்டுக்குள் கிரீஸ் வைக்க வேண்டாம். புழுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, சில மாதங்களில் அது மீண்டும் அடைத்துவிடும்.

சாவி ஏற்கெனவே முறிந்திருந்தால், பூட்டின் துவாரம் சாவி செருகும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சற்றே திரும்பிய நிலையில் முறிந்த துண்டு எந்த வழியிலும் வெளியே வராது. சிறு ஸ்குரூடிரைவரால் துவாரத்தை நேராக்கிய பிறகு, மெல்லிய ரம்பத் துண்டு ஒன்றை, பற்கள் வெளிப்பக்கம் பார்க்குமாறு சாவித் துண்டின் ஓரமாகச் செலுத்தி, பல்லில் மாட்டி இழுங்கள். பொறுமையாகச் செய்தால் வந்துவிடும்.

கேள்வி: டயர் கழற்றும் நெம்புகோலை இடுக்கில் விட்டு நெம்பினால் என்ன?

பதில்: அப்படி நெம்பிய இருக்கை ஒன்று என்னிடம் வந்தது. மேலே பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. திருப்பிப் பார்த்தபோது, வளையக் கம்பியைத் தாங்கும் இடத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் அடித்தட்டு நட்சத்திரம்போல் விரிசல் விட்டிருந்தது. கொக்கி அப்போதும் வளையத்தை விடவில்லை, அடித்தட்டுதான் தோற்றது. அந்த வண்டியின் உண்மையான கோளாறு என்ன தெரியுமா? உள்ளே திணித்திருந்த மழைக்கோட்டின் கைப்பகுதி கொக்கிக்குள் சிக்கியிருந்தது. கீழே அழுத்தியிருந்தால் அது இரண்டு நிமிட வேலை.

கேள்வி: என் பைக்கில் சாவி கிடையாது, இருக்கையை இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. ஒன்று துருப்பிடித்துத் தலை உருண்டுவிட்டது, இன்னொன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை.

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறுகள், தனித்தனியாகப் பார்ப்போம்.

துருப்பிடித்த போல்ட்டுக்கு ஸ்பிரேயைத் தலையின் மேல் மட்டும் அடிப்பதில் பயன் குறைவு. மரை இருப்பது மறுமுனையில். அங்கே எட்டும்படி கீழிருந்து அடித்து, ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் தலையின் மேல் சுத்தியலால் சில முறை நேராகத் தட்டினால், மரைக்குள் ஒட்டியிருக்கும் துரு உதிர்ந்து எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு கழற்றும் திசையில் உடனே திருப்பாமல், முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் அளவு திருப்புங்கள். பிடிப்பு விட்டதும் எதிர்ப்பக்கம் திருப்பினால் எளிதாக வரும். 6 மி.மீ. போல்ட்டின் தலைக்குப் பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனரும், 8 மி.மீ. போல்ட்டுக்கு 12 அல்லது 13 மி.மீ. ஸ்பேனரும் பொருந்தும். பன்னிரு முனை ரிங் ஸ்பேனரைவிட அறுமுனை பாக்ஸ் ஸ்பேனர் தலையின் பக்கங்களை முழுதாகப் பற்றுவதால், பாதி உருண்ட தலையையும் அது பல வேளைகளில் திருப்பிவிடும். அதுவும் வழுக்கினால், பூட்டிக்கொள்ளும் வகைக் குறட்டால் தலையைக் கவ்வித் திருப்புங்கள்.

நெருப்பால் சூடாக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். பணிமனைகளில் துருப்பிடித்த போல்ட்டுக்கு அது நல்ல வழிதான். ஆனால் இங்கே ஒரு பக்கம் பெட்ரோல் டேங்க், மறுபக்கம் எளிதில் தீப்பற்றி நச்சுப்புகை கக்கும் பாலியூரித்தேன் மெத்தை.

சுற்றிக்கொண்டே இருக்கும் போல்ட்டின் நிலைமை வேறு. மறுபுறம் சேஸிஸில் பற்றவைத்த நட்டோ பிளாஸ்டிக்கில் பதித்த நட்டோ விடுபட்டு, போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. கீழே கைபோகும் இடமென்றால் நட்டைக் குறட்டால் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருப்புங்கள். கை போகாவிட்டால், போல்ட்டின் தலைக்கு அடியில் தட்டையான ஸ்குரூடிரைவரைக் கொடுத்து மேல்நோக்கி மெதுவாகத் தூக்கியபடி திருப்புங்கள். அந்த இழுப்பில் நட்டு தான் பதிந்திருக்கும் இடத்தில் உரசி நின்று, மரை கழலத் தொடங்கும். எதுவும் உதவவில்லையென்றால் தலையைத் துளையிட்டு நீக்குவதுதான் வழி. பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, டேங்கை ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள். பெட்ரோல் வாடை சிறிதளவு இருந்தாலும் துளையிடும் கருவியை எடுக்காதீர்கள்.

புதிய போல்ட் போடும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பழைய போல்ட்டோடு ஓர் இரும்புக் குழல் வந்திருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ரப்பர் புஷ் நசுங்காமல் காப்பது அந்தக் குழல்தான்.

கேள்வி: கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் இருக்கை திறக்கும் வண்டி என்னுடையது. பேட்டரி இறங்கிவிட்டது, பேட்டரியோ இருக்கைக்கு அடியில் இருக்கிறது.

பதில்: இத்தகைய பல மாடல்களில் அவசரத்துக்கென்று கையால் இழுக்கும் கேபிள் ஒன்றை மறைவான இடத்தில் வைத்திருப்பார்கள். வண்டியோடு தந்த கையேட்டில் ‘இருக்கை’ என்ற தலைப்பின் கீழ் அதன் இடம் குறிக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: இருக்கைக்குப் புதிய மெத்தையும் உறையும் போட்டேன். அன்று முதல்தான் இந்தத் தொல்லை. பூட்டும் கேபிளும் புதியவைதான். பின் ஏன் திறக்கவில்லை?

பதில்: நல்ல கேள்வி, ஏனென்றால் இந்தக் காரணத்தைப் பலர் சந்தேகிப்பதே இல்லை. பழைய உறை ஒரே மடிப்பாக அடித்தட்டின் விளிம்பைச் சுற்றி வந்திருக்கும். புதிய உறையில் துணி தடிமனாக இருந்தாலோ, மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்திருந்தாலோ, இருக்கை சேஸிஸிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். அடித்தட்டில் உள்ள ரப்பர் குமிழ்களைப் புதிதாக மாற்றினாலும் இதே விளைவுதான். நாம் பலமாக அழுத்திப் பூட்டிவிடுவோம். ஆனால் அமுங்கிய ரப்பரும் துணியும் இருக்கையை எந்நேரமும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். நீங்கள் இழுக்காமலே யாரோ இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கையை இழுத்துக்கொண்டிருப்பதற்கு அது சமம்.

திறந்தபின் வளையக் கம்பியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, ஒரு முறை பூட்டித் திறந்து பாருங்கள். கம்பியில் மெல்லிய கோடாகச் சுண்ணம் அழிந்திருந்தால் சரியாக இருக்கிறது. அகலமாக, பளபளக்கும்படி உரசியிருந்தால் கொக்கி மிகவும் இறுக்கமாகக் கவ்வுகிறது. கொக்கித் தகட்டைச் சேஸிஸோடு இணைக்கும் போல்ட் துளைகள் பல வண்டிகளில் நீள்வட்டமாக இருக்கும். போல்ட்டுகளைத் தளர்த்தித் தகட்டை 1 மி.மீ. உயர்த்தி இறுக்கினால் போதும். துளை வட்டமாக இருந்தால், உறையின் மடிப்புகள் ரப்பர் குமிழ்களுக்கு அடியில் வராதபடி கத்தரித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். முன் நாக்கின் மேலும் துணி ஏறியிருக்கக் கூடாது. ஏறியிருந்தால் பின்பக்கம் திறந்த பிறகும் முன்பக்கம் சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: ஒருவழியாகத் திறந்துவிட்டேன். மறுபடி மூடவே பயமாக இருக்கிறது.

பதில்: மூடுமுன் பூட்டைச் சோதித்துவிட்டால் பயத்துக்கு இடமில்லை. கொக்கியையும் ஸ்பிரிங்கையும் பழைய பல்துலக்கியும் மண்ணெண்ணெயும் கொண்டு கழுவித் துடைத்து, கொக்கி அசையும் அச்சில் மட்டும் சிறிது கிரீஸ் வையுங்கள். பிறகு ஸ்குரூடிரைவரின் தண்டை வளையக் கம்பிக்குப் பதிலாகக் கொக்கிக்குள் அழுத்துங்கள். அது ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். சாவியைத் திருப்பி அதை விடுவியுங்கள். பத்து முறை செய்து, பத்து முறையும் தயக்கமின்றி விடுபட்டால் மட்டுமே இருக்கையை எடுங்கள். ஒரு முறை தயங்கினாலும் கேபிளின் தளர்வைச் சரிசெய்துவிட்டு மீண்டும் சோதியுங்கள்.

உள்ளே வைத்திருக்கும் துணி, காகிதம், மழைக்கோட்டு ஆகியவை கொக்கியையோ கேபிளையோ தொடாதபடி ஒதுக்குங்கள். இருக்கையின் முன் நாக்கைக் குறுக்குக் கம்பிக்கு அடியில் செருகியபின் பின்பக்கத்தை இறக்கி, கொக்கிக்கு நேர் மேலே அழுத்துங்கள். பூட்டியதும் முன்முனையையும் பின்முனையையும் தனித்தனியே தூக்கிப் பாருங்கள். நாக்கு செருகாமல் பின்பக்கம் மட்டும் பூட்டிய இருக்கை, பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும், வளைவில் திரும்பும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ உங்களோடு சேர்ந்து நகரும். முன்முனை விரலளவு எழும்பினால்கூட, திறந்து மீண்டும் செருகுங்கள்.