ஹெர்குலேனியம் சுருள்களைப் பிரிக்காமலேயே எப்படிப் படிக்கிறார்கள்?

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இத்தாலியின் ஹெர்குலேனியத்தில் புதைந்து, 18ஆம் நூற்றாண்டில் தோண்டியெடுக்கப்பட்ட இந்தப் பாப்பிரஸ் சுருள்கள், பார்ப்பதற்குக் கரித்துண்டுகளைப் போலவே இருக்கின்றன, விரித்தால் உதிர்ந்துவிடும். ஆகவே எக்ஸ் கதிர்களால் முப்பரிமாணத்தில் படம்பிடித்து, ஒவ்வொரு சுற்றையும் கணினியிலேயே பிரித்து விரிக்கிறார்கள். மையும் கரி, ஏடும் கரி என்பதால் எழுத்து தனித்துத் தெரியாததுதான் உண்மையான சிக்கல்.

ஆனால் மை படிந்த இடங்களில், காய்ந்த சேற்றில் காண்பதைப் போன்ற நுண்ணிய வெடிப்புகள் இருப்பது, படங்களைப் பொறுமையாக உற்று நோக்கியபோது புலப்பட்டது. எனக்கு இதுவே மிகப் பெரிய கண்டுபிடிப்பு. அவற்றை அடையாளம் காணச் செயற்கை நுண்ணறிவைப் பழக்கியதன் பயனாக, 2023இல் திறக்கப்படாத ஒரு சுருளிலிருந்து ஊதாவைக் குறிக்கும் 'பொர்ஃபிராஸ்' என்ற கிரேக்கச் சொல் வெளிப்பட்டது. 2024இல் இசை, உணவு, இன்பம் ஆகியவற்றைப் பற்றிய பத்திகளும் படிக்கப்பட்டன.